ஓட்ஸின் சேர்க்கை சரியில்லை

ஜூன் 4

மதுரை டாக்டர் சொன்னதால் இதை எழுதுகிறேன். குழந்தை தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். வீட்டில் சும்மா கிடந்தது, ஈஸ்ட் ஏஜென்ட் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரிதான். அட்டையில் பெரிய பன் படம் போட்டிருக்கிறது. பரவாயில்லை, உள்ளே தாள் நல்ல தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் சுடர்விழிக்கு ஒன்பது வயது, எடை பத்தொன்பது கிலோ. இரண்டு வருடமாக வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. பள்ளியில் உயர வரிசைப்படி நிற்கவைத்தால் இரண்டாம் வகுப்பிலிருந்து அவள்தான் முதல் ஆள். பூச்சி மருந்து, டானிக், தாயத்து எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மதுரையில் ரத்தம் எடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் சதை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், சீலியாக் நோய் என்று. கோதுமையில் குளூட்டன் என்று ஒரு பசை இருக்கிறதாம். அது இவள் குடலைப் புண்ணாக்குகிறது. ரத்தத்தில் இருபதுக்குள் இருக்க வேண்டிய ஏதோ ஓர் அளவு இவளுக்கு இருநூற்றுப் பத்து இருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. கோதுமை, ரவை, மைதா, பார்லி எதுவும் இனி வாழ்நாள் முழுக்கக் கூடாது.

கொஞ்சம்கூடக் கூடாதா என்று கேட்டேன். ஒரு சிட்டிகைகூடக் கூடாது என்றார்.

பிறகு, அப்பா என்ன செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். வியாபாரம் என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி சண்முகவடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தானே? கோவில்பட்டியில் என் மகள் பெயரிலேயே 'சுடர் பேக்கரி' வைத்திருக்கிறேன், கீழே கடை, மேலே வீடு, தினம் மூட்டை மூட்டையாக மைதா ஓடுகிறது என்றெல்லாம் ஒப்பிக்க அது என்ன பெண் பார்க்கப் போன இடமா?

அடுத்த ரத்தப் பரிசோதனை செப்டம்பரில்.

ஜூன் 5

சாப்பிட்டது: இட்லி மூன்று, தயிர்சாதம், ரசம்சாதம், ஒரு வாழைப்பழம்.

இனி இந்த வீட்டில் யாருக்கும் சப்பாத்தி கிடையாது, பன் கிடையாது, பிஸ்கட் கிடையாது என்று சண்முகவடிவு அறிவித்துவிட்டாள். நான் கீழே போய் நின்றுகொண்டு ஒரு தேங்காய் பன் தின்றேன். என் கடையில் நானே திருட்டுத்தனமாகத் தின்றது இதுதான் முதல் தடவை.

ஜூன் 13

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு பாக்கெட் கடலைமிட்டாயோடு வருகிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு எந்த வியாதிக்கும் கடலைமிட்டாய்தான் முதலுதவி. "இதுல கோதுமையே கெடையாதுல்லா" என்று ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். இப்போது அலமாரியில் பதினேழு பாக்கெட் இருக்கிறது.

சுடர் நான்கு நாள் தின்றாள். ஐந்தாம் நாள் டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "இன்டர்வெல்ல எல்லாரும் கவரப் பிரிச்சுத் திங்குறாங்கப்பா. நான் மட்டும் டப்பாவத் தெறக்குறேன்" என்றாள்.

அவள் கேட்பது தீனி இல்லை, மினுமினுக்கும் காகிதம். வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை பார் கொண்டுவருகிறதாம். நீளமாக, செங்கல் மாதிரி, ஓரத்தைக் கிழித்தால் சத்தம் வருமாம். இவ்வளவுதானே, வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 24

வாங்கிவிடலாம் என்று சொன்னது தப்பு. ஊரில் எட்டுக் கடை ஏறி இறங்கிவிட்டேன். சத்து பார், புரத பார், சிறுதானிய பார் என்று விதவிதமாகப் பெயர். திருப்பிப் படித்தால் ஒன்றில் கோதுமை, ஒன்றில் பார்லிச் சாறு, இன்னொன்றில் எழுத்து எறும்பை விடச் சின்னது. 'சிறுதானியம்' என்று அட்டையில் கம்பங்கதிர் படம் போட்டிருந்தது. உள்ளே பாதிக்குமேல் கோதுமை. இந்த ஊரில் எனக்குத் தெரியாமல் ஒருவன் கோதுமை விற்கிறான் என்றால் எனக்கே கோபம் வருகிறது.

சண்முகவடிவின் தம்பி திருமலைக்குமார் ஓசூரில் இருக்கிறான். அவன்தான் ஆன்லைனில் பார்த்து ஒரு பெட்டி அனுப்பினான். 'குளூட்டன் இல்லை' என்று பெரிதாக எழுதியிருந்தது. சுடர் கவரைப் பிரிக்கும் நேரத்தில் சண்முகவடிவு தடுத்துவிட்டாள். ஓட்ஸ் என்று உள்ளே எழுதியிருக்கிறதாம். ஓட்ஸ் வேறு, கோதுமை வேறு, பயப்படாதீங்க அத்தான் என்று திருமலைக்குமார் போனில் சொன்னான். எதற்கும் இருக்கட்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாவைக் கூப்பிட்டோம்.

அந்தம்மா பொறுமையாகச் சொன்னார். ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் இல்லை. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்ஸ் ஒன்றும் செய்யாது. ஆனால் அது கோதுமை வயலுக்குப் பக்கத்திலேயே விளைகிறது, அதே லாரியில் வருகிறது, அதே மில்லில் அரைபடுகிறது. ஆகவே சாதாரணக் கடை ஓட்ஸில் கோதுமை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். தனியாக விளைவித்து, தனி மில்லில் அரைத்து, சோதித்து அனுப்புகிற ஓட்ஸ் உண்டு. அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் ரத்த அளவு இறங்கிய பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொஞ்சமாகத் தொடங்கலாம், இப்போது வேண்டாம்.

எனக்குப் புரிந்தது இதுதான்: ஓட்ஸ் நல்ல பையன், சேர்க்கை சரியில்லை. அந்த மாதிரிப் பையன்களை நான் வேலைக்கே வைப்பதில்லை.

பாரை நாங்கள் பெரியவர்கள் தின்று தீர்த்தோம். என் ஓவன் மாஸ்டர் சூசைமுத்து ஒன்றைக் கடித்துவிட்டு, "மொதலாளி, இது தீவனக் கடையில வாங்குனதா?" என்று கேட்டார். சுடர் வெறும் கவரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 6

ஓட்ஸை நேரடியாக விசாரிப்பது என்று முடிவு செய்தேன். பிறர் பேச்சைக் கேட்டு யாரையும் குற்றவாளி என்று சொல்லக் கூடாது. ஆறு கம்பெனி ஓட்ஸ் ஆறு பாக்கெட் வாங்கினேன். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மாவு பிசைகிற மேஜையில் ஆறு குவியலாகக் கொட்டி, கடிகாரக் கடையில் பூதக்கண்ணாடி கடன் வாங்கி, ஒவ்வொரு செதிலாகப் பார்த்தேன்.

இரண்டாவது குவியலில் உடைந்த கோதுமை ஒன்று கிடைத்தது. அது கிடக்கட்டும். ஆறு குவியலிலும், ஒன்று விடாமல், வெள்ளையாக மெல்லிய தூள் ஒட்டியிருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மைதா. இருபத்தாறு வருடமாக மைதாவோடு வாழ்கிறவன், எனக்கா தெரியாது?

ஆறு கம்பெனியும் கூட்டுக் களவாணிகள். சூசைமுத்துவிடம் காட்டினேன். அவர் குவியலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்துவந்து பக்கத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். படிப்பு இல்லாதவர், இந்த ஆராய்ச்சியெல்லாம் அவருக்கு எட்டாது.

ஜூலை 19

யாரையும் நம்பிப் பயனில்லை. நானே செய்துவிட்டேன்.

வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, எள், அரிசிப்பொரி, பேரீச்சை. கருப்பட்டிப் பாகு. ஓட்ஸ் ஒரு பருக்கைகூட இல்லை. எல்லாவற்றையும் புதுக் கடாயில், புதுக் கரண்டியால் கிண்டினேன். டிரேயைப் புளி போட்டுத் தேய்த்து மூன்று தடவை கழுவி வெயிலில் காயவைத்தேன். பாகு பதமாக வந்ததும் டிரேயைத் தயார் செய்து கொட்டிப் பரப்பி, உருளைக்கட்டையால் அழுத்தி, ஓவனில் கொஞ்ச நேரம் காட்டி எடுத்தேன். ஒரு மூலைகூட ஒட்டவில்லை, தட்டியதும் மொத்தமாகக் கழன்று விழுந்தது. அந்தப் பக்குவம் கையில் இருக்க வேண்டும், புத்தகத்தில் வராது.

துண்டு போட்டு, வெள்ளித்தாளில் சுற்றி, 'சுடர் பார், குளூட்டன் அறவே இல்லை' என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஓரத்தைக் கிழித்தாள். சத்தம் வந்தது. காகிதத்தை இன்னொரு தடவை சுற்றிக் கொடுங்கள், மறுபடி கிழிக்கிறேன் என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே போய் சூசைமுத்துவுக்கு ஒரு டீ சொன்னேன்.

ஜூலை 20

சாப்பிட்டது: தோசை, சாம்பார்சாதம், கீரை, சுடர் பார் இரண்டு.

ஆகஸ்ட் 3

இன்று சண்முகவடிவின் சமையலறையில் சோதனை போட்டேன். எல்லா டப்பாவையும் பாக்கெட்டையும் திருப்பிப் படித்தேன். மாட்டியது பெருங்காயம். கூட்டுப் பெருங்காயம் என்று விற்கிறார்களே, அதில் முக்கால்வாசி கோதுமை மாவாம். பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு மாதமாக ரசத்தில், சாம்பாரில், ஊறுகாயில் தினமும் குழந்தைக்குக் கோதுமையைப் போட்டிருக்கிறாள்.

நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. பாக்கெட்டை அவள் முன்னால் வைத்து, சத்தமாக ஒரு தடவை வாசித்தேன். அவ்வளவுதான். அவள் முகம் விழுந்துவிட்டது. சாயங்காலமே மாவு கலக்காத கட்டிப் பெருங்காயம் தேடி வாங்கிவந்துவிட்டாள். ரசப் பாத்திரத்தைக்கூட மாற்றிவிட்டாள்.

திருமலைக்குமாருக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். சூசைமுத்துவிடம் சொன்னேன். மளிகைக் கடைக்காரரிடம் சொன்னேன். ஒரு அஜாக்கிரதை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் 17

மூன்று நாளாக வயிற்றுவலி. பெருங்காயத்தை நிறுத்தியும் வலிக்கிறது. குழாய்த் தண்ணீர் சேராமல் இருக்கலாம். பள்ளிக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை, பார் மட்டும் கேட்டு வாங்கித் தின்றாள். அதுவாவது இறங்குகிறதே என்று இன்னொன்று கொடுத்தேன்.

செப்டம்பர் 6

மதுரை. அளவு இருநூற்றி ஆறு. எடை அரைக் கிலோ குறைந்திருக்கிறது.

டாக்டர் தாளைப் பார்த்தார். எங்கிருந்தோ தினமும் கோதுமை போய்க்கொண்டிருக்கிறது என்றார். இப்படியே போனால் எலும்பு தேயும், உயரம் நின்றுவிடும், வளர்கிற வயதைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது என்றார். நான் பெருங்காயத்தைச் சொன்னேன். அதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறதே, கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும் என்றார். ஓட்ஸ் என்றேன். ஓட்ஸ் கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுக்கவில்லை, ஆனாலும் எனக்கு அதன்மேல்தான் சந்தேகம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உணவுக் குறிப்பைக் காட்டச் சொன்னார். வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். பைக்குள்தான் இருந்தது. அட்டையில் பன் படம் இருக்கிறதே.

பஸ்ஸில் சுடர் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். கனமே இல்லை. சாத்தூர் தாண்டியதும் சண்முகவடிவு, "டாக்டர்ட்ட பேக்கரின்னு ஏன் சொல்ல மாட்டேங்கீக?" என்று கேட்டாள். பேக்கரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், கடைப் பண்டத்தை அவளுக்கு நான் கொடுக்கிறேனா என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 9

விசாரணையை முறைப்படி தொடங்கிவிட்டேன். பள்ளி ஆயாவைக் கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டேன், இனி என் வாசற்படியே மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். மல்லிப்பூக்காரியைக்கூட விடவில்லை.

கடைசியில் சுடரிடம் வந்தேன். யாரும் பஃப்ஸ் கொடுத்தார்களா, உண்மையைச் சொல், அப்பா அடிக்க மாட்டேன் என்றேன். நான் எதுவுமே திங்கல என்றாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னாள். அவள் தூங்கும்போது புத்தகப் பையைக் கொட்டித் தேடினேன். பிஸ்கட் துணுக்குகூட இல்லை. சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வெள்ளித்தாள்கள் மட்டும் இருந்தன. நான் சுற்றிக் கொடுத்த அத்தனை தாளையும் நகத்தால் நீவிச் சமப்படுத்தி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறாள்.

ஆக, அவள் தின்றது என்னுடைய பார் மட்டும்தான். குழந்தைமேல் குற்றம் இல்லை. அப்படியானால் யார்?

செப்டம்பர் 18

காலை பத்து மணிக்குப் பார் போட்டேன். பாகு இறக்கியாயிற்று. டிரே கழுவிக் காய்ந்து தயாராக இருந்தது. சூசைமுத்து ஓவன் பக்கம் ரொட்டி இறக்கிக்கொண்டிருந்தவர், "மொதலாளி, கையப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். என் வலது கை டிரேக்கு மேலே இருந்தது. விரல் நுனியிலிருந்து மாவு விழுந்துகொண்டிருந்தது. டிரே முழுக்க ஒரே சீராக, மெல்லிசாக, நான் இருபத்தாறு வருடமாகத் தினமும் தூவுகிற மாதிரி தூவி முடித்திருந்தேன். ஒட்டாமல் வர டிரேயில் மைதா தூவுவது எந்த பேக்கரிக்காரனும் யோசித்துச் செய்கிற வேலை இல்லை. மூக்குக்கண்ணாடியை நகர்த்துகிற மாதிரி கை தானாகச் செய்யும். இடது பக்கம் திரும்பி மூட்டைக்குள் கை விட்டதுகூட எனக்கு நினைவில்லை.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மொத நாள்ல இருந்தே தூவுறீக. பிள்ளைக்குச் செய்றது, அதனால அரிசி மாவா இருக்கும்னு நெனச்சேன். இன்னைக்குத்தான் நீங்க கைய விட்டது எந்த மூட்டைன்னு பாத்தேன்."

நான் டிரேயைக் கீழே வைத்தேன். பாகு கடாயிலேயே இறுகிவிட்டது.

செப்டம்பர் 19

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 20

டாக்டருக்குப் போன் செய்தேன். ஐயா, நான் பேக்கரி வைத்திருக்கிறேன் என்றேன். வீடு எங்கே என்று கேட்டார். மாடியில் என்றேன். பாரைப் பற்றியும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாவு காற்றில் பறக்கும், மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போகும், துணியில் வரும், தலைமுடியில் வரும், நீங்கள் அவளைத் தூக்கினாலே வரும் என்று நிதானமாகச் சொன்னார். குழந்தை அந்தக் கட்டடத்தில் இருக்க வேண்டாம் என்றார்.

சண்முகவடிவிடம் சொன்னபோது அவள் பெருங்காயப் பாக்கெட்டை எடுத்துவந்து என் முன்னால் வாசிப்பாள் என்று எதிர்பார்த்தேன். வாசித்திருக்க வேண்டும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "அன்னைக்கே நான் டாக்டர்ட்ட சொல்லிருக்கணும். நீங்க கௌரவம் பாப்பீகன்னு பேசாம இருந்துட்டேன். எம்மேலயும் தப்பு" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது.

பார் ஏன் வரவில்லை என்று சுடர் கேட்டாள். டிரே உடைந்துவிட்டது என்றேன். "இரும்பு டிரே எப்படிப்பா ஒடையும்?" என்றாள். நான் கீழே இறங்கிவிட்டேன்.

செப்டம்பர் 28

நான்கு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பார்த்து இருவரையும் கொண்டுபோய் விட்டேன். பழைய வீட்டுப் பாத்திரம் ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை. அரிசி, பருப்பு, இட்லிச் சட்டி எல்லாம் புதிது. பழைய வீட்டிலிருந்து போக அனுமதி இல்லாத சாமான்களில் நானும் ஒன்று.

நான் மாடியில் தனியாகத் தூங்குகிறேன். காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னல் கம்பியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இத்தனை வருடமாக இது என் கண்ணில் படவே இல்லை.

அக்டோபர் 8

போய்வருகிற முறை ஒழுங்காகிவிட்டது. ஐந்தரைக்குச் சூசைமுத்து வீட்டில் போய் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பது, அங்கே பெட்டியில் வைத்திருக்கும் சலவைச் சட்டை வேட்டியை உடுத்துவது, செருப்பைக் கழற்றி வேறு செருப்பு போடுவது, கடைப் பக்கமே போகாமல் சுற்றுவழியாக அவர்கள் வீட்டுக்குப் போவது. ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பி விடுவேன்.

இதில் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்துவிட்டது. அந்தத் தெருவில் என்னைத் தெரியும், சண்முகவடிவை யாருக்கும் தெரியாது. பேக்கரிக்காரர் தினம் சாயங்காலம் குளித்து முழுகி, சலவை வேட்டி கட்டி, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குள் போகிறார், ஒரு மணி நேரத்தில் வெளியே வருகிறார் என்று பேச்சு. வீட்டுக்கார அம்மா சண்முகவடிவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒனக்கு ஏம்மா இந்தப் பொழப்பு? அவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்காம்ல?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் குடும்பமே நான்தான் என்று சண்முகவடிவு சொல்லியும் அந்தம்மா நம்பவில்லை. கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டவேண்டியதாயிற்று. ஆல்பத்தைக்கூட ஈரத்துணியால் துடைத்துத்தான் கொடுத்தனுப்பினேன்.

இன்று முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். வெள்ளையாக எதையோ பூசிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் சண்முகவடிவு வாசலிலேயே நிறுத்தி, முகம் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.

அக்டோபர் 20

தீபாவளி. ஐந்து நாளாகக் கடையை விட்டு நகர முடியவில்லை, போகவில்லை. இன்று மத்தியானம் குளிக்க நேரமில்லாமல் தெருமுனை வரை போய் நின்றேன். சுடர் பச்சைப் பாவாடையில் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிவர ஆரம்பித்தாள். வராதே என்று கையைக் காட்டினேன். நின்றுவிட்டாள். அங்கேயே நின்று சுற்றிக் காட்டினாள், பாவாடை விரிந்தது. நன்றாக இருக்கிறது என்று சைகை செய்தேன்.

பிறகு கடைக்குத் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 9

சாப்பிட்டது: இட்லி நாலு, சாதம் இரண்டு வேளை, முட்டை, கொய்யா, அவள் அம்மா செய்த எள்ளுருண்டை. இரண்டு வாரமாக வயிற்றுவலி இல்லை.

இன்று சொல்லிவிட்டேன். டிரே உடையவில்லை, அப்பா செய்த பாரில்தான் மைதா இருந்தது, அதனால்தான் உனக்கு வயிறு வலித்தது, அப்பாவின் கை தெரியாமல் செய்துவிட்டது என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் வீட்டுப்பாட நோட்டை மூடிவைத்துவிட்டு யோசித்தாள்.

"அப்ப நான் ஒண்ணுமே திங்கலைன்னு மூணு தடவ சொன்னேன்ல? நீங்க நம்பல. என் பையக் கொட்டித் தேடுனீக. நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

மைதா கொடுத்ததற்கு அவளுக்கு என்மேல் வருத்தமே இல்லை. பையைத் தேடியதற்குத்தான் இரண்டு மாதமாக மனதில் வைத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். சும்மா கேட்டால் போதாது, எழுதித் தர வேண்டும் என்றாள். 'சுடர்விழி பொய் சொல்லவில்லை, அப்பாதான் தப்பு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 13

மதுரை. அளவு அறுபத்தெட்டு. எடை இருபத்தொன்றரைக் கிலோ.

டாக்டர் தாளைத் தூக்கிப்பிடித்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த பரிசோதனைக்குள் இன்னும் இறங்கிவிடும், உயரமும் ஏறும் என்றார். சண்முகவடிவு அந்த இடத்திலேயே கும்பிட்டுவிட்டாள். நானும் சிரித்தேன். எனக்கு நிஜமாகவே சந்தோஷம்தான். இருநூற்றி ஆறுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவே அவள் வாழ்க்கையில் மாறியது ஒன்றுதான், நானும் என் மாவும் பக்கத்தில் இல்லை. கழித்துப் பார்த்தால் மிச்சம் வருவது என் கணக்கு. டாக்டர் மேஜைமேல் அந்தத் தாள் கிடந்தது, நான் அதைத் திருப்பி வைத்தேன்.

ஓட்ஸ் தின்று பார்க்கலாமா என்று சுடரே கேட்டாள். சோதித்துச் சான்று வாங்கிய சுத்தமான ஓட்ஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு தடவை கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள், வலித்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, செய்ய வேண்டாம், வாங்குங்கள் என்றார்.

டிசம்பர் 30

திருமலைக்குமார் அனுப்பிய பெட்டி நேராக அந்த வீட்டுக்கே வந்துவிட்டது. தனி வயல், தனி மில், சோதனைச் சான்று எல்லாம் அச்சடித்திருந்தது. நான் ஆறு மணிக்குக் குளித்துவிட்டுப் போனபோது இருவரும் பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தார்கள்.

சுடர் ஒரு பாரைப் பிரித்துக் கடித்தாள். நாங்கள் இருவரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றாள், விழுங்கினாள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கடி கடித்தாள். பிறகு மிச்சத்தை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மூன்று தடவை சோப்புப் போட்ட கைதான், ஆனாலும் அதை நான் நம்பத் தயாராக இல்லை. என் கை படவேண்டாம், நீ தின்னு என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாயத் தெறங்க" என்றாள். திறந்தேன். வைத்தாள்.

"எப்படிப்பா இருக்கு?"

நல்லா இல்லை என்றேன். வைக்கோலைச் சர்க்கரைப் பாகில் நனைத்த மாதிரி இருந்தது.

"எனக்கும் பிடிக்கல" என்றாள் சுடர். "நீங்க செஞ்சதுதான் நல்லாருந்துச்சு."

சண்முகவடிவு சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் வாயில் இருந்ததை மென்றுகொண்டே நின்றேன். ஒரு பேக்கரிக்காரனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.